உயிரணுக்கள் அடியில் தங்காதிருக்க

ஜவ்வாது மலைத் தொடரின் அடிவாரத்தில், ஒரு காலத்தில் சம்புவராய மன்னர்களின் ராஜதானியாக விளங்கி, விஜயநகரத்துக் குமார கம்பணரின் படையெடுப்புக்குப் பின் அந்த மகிமையை இழந்து, இன்று ஆடி மாதத்தில் ரேணுகாம்பாள் சந்நிதியை நாடி வரும் பக்தர் கூட்டத்தாலேயே பெரும்பாலும் அறியப்படும் படவேட்டுக்குச் செல்பவர்கள், அவ்வூரார் வாயிலாக ஒரு செய்தியைக் கேளாமல் திரும்புவதில்லை. இங்கே எண்ணிறந்த கோயில்கள் இருந்தன என்பதும், அவற்றுள் பல வெள்ளத்திலும் மணலிலும் மூழ்கி மறைந்தன என்பதும், பிற்காலத்தில் மேடுகளை அகற்றியபோது சில மீண்டும் வெளிப்பட்டன என்பதுமே அச்செய்தி. ஜமதக்னி முனிவரின் கமண்டலத்து நீரே பெருகி ஆறாயிற்று என்று ஸ்தல புராணம் கூறும் கமண்டல நதி, மழைக்காலத்தில் மலைச் சரிவிலிருந்து இறங்கும்போது பரலையும் மணலையும் வண்டலையும் ஒருங்கே வாரிக்கொண்டு வருகிறது. சமவெளியை அடைந்து பிரவாகத்தின் வேகம் தணிந்தவுடன், முதலில் பரலையும், பிறகு மணலையும், அதற்கும் வெகுதூரம் தள்ளி வண்டலையும் கைவிட்டுவிட்டுச் செய்யாற்றை நோக்கிப் போகிறது. ஓர் ஊரின் கோயில்களையே மூடவல்ல இந்தப் படிதல் என்னும் காரியம், ஒரு துளி ரத்தத்தில், தலைமயிரின் பருமனேயுள்ள வாய்க்காலில் நிகழும்போது என்ன விளைவிக்கிறது, அதைத் தடுக்க விஞ்ஞானிகள் என்னென்ன உபாயங்களைக் கையாளுகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

நீர் எதைச் சுமக்கும், எதைக் கைவிடும் என்பதை நிர்ணயிக்கும் நியதியை, கேம்பிரிட்ஜ் பேராசிரியரான ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், ஊசலின் அசைவைக் காற்று எவ்வாறு தடுக்கிறது என்ற வேறொரு விசாரணையின் இடையே கண்டு, 1851-ஆம் ஆண்டில் வெளியிட்டார். துகளின் விட்டம் இரண்டு மடங்கானால் அது நீரில் இறங்கும் வேகம் நான்கு மடங்காகும். துகளுக்கும் திரவத்துக்கும் இடையேயுள்ள அடர்த்தி வேற்றுமை மிகுந்தால் அவ்வேகமும் அதே விகிதத்தில் மிகும். திரவம் எவ்வளவுக்கு எவ்வளவு பாகுபோல் தடித்திருக்கிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு வேகம் குறையும். இந்தக் கணக்கின்படி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள மணல் தேங்கிய நீரில் வினாடிக்கு எட்டு ஒன்பது மில்லிமீட்டர் இறங்கிவிடும்; அதில் ஐம்பதில் ஒரு பங்கே பருமனுள்ள களிமண் துகளோ ஒரு மீட்டர் ஆழம் இறங்குவதற்கு ஏறக்குறைய மூன்று பகலும் மூன்று இரவும் எடுத்துக்கொள்ளும். மழை நின்ற பின்னும் நாட்கணக்கில் ஆற்று நீர் கலங்கியே இருப்பதற்குக் காரணம் வேறொன்றுமில்லை.

ஆற்றுக்குப் பொருந்தும் இக்கணக்கு ரத்தத்துக்கும் பொருந்தும். நம் சிவப்பணு ஏழெட்டு மைக்ரான் அகலமுள்ள ஒரு வட்டத் தட்டு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. தான் மிதக்கும் ரத்தநீரைக் காட்டிலும் அது அடர்த்தியில் சற்று மிகுந்தது; ஆகையால் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் அசையாமல் நிறுத்தி வைத்தால் மேலே தெளிந்த மஞ்சள் நிற நீர் தோன்றும், சிவப்பு கீழே இறங்கும். எந்தச் சிற்றூர்ப் பரிசோதனைக் கூடத்திலும் இன்றளவும் எழுதித் தரப்படும் ஈ.எஸ்.ஆர். என்ற சோதனை இதுவே. போலந்து நாட்டு மருத்துவர் எட்மண்ட் பியர்நாட்ஸ்கி 1897-லேயே இதன் பயனைக் கண்டார் என்றாலும், 1918-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ராபின் ஃபாரேயஸ், கர்ப்பிணிகளின் ரத்தம் மற்றவர்களுடையதைவிட விரைவாகப் படிவதைக் கவனித்து இதை மீண்டும் ஆராய்ந்தார். 1921-இல் ஆல்ஃப் வெஸ்டர்கிரென் க்ஷயரோகிகளிடம் இதைப் பிரயோகித்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கிற்று என்று குறிக்கும் முறையை நிலைநாட்டினார். தனித்தனியாக இறங்கினால் மணிக்கு மூன்று மில்லிமீட்டர் அளவே இறங்கக்கூடிய சிவப்பணுக்கள், உடலில் அழற்சி இருக்கும்போது ரத்தநீரில் மிகும் சில புரதங்களால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டிக்கொள்கின்றன. அடுக்கு பெரிதாவதால் ஸ்டோக்ஸின் நியதிப்படி வேகமும் மிகுகிறது. வியாதியின் வேகத்தைப் படிதலின் வேகத்தில் படித்துக்கொள்ளும் இந்தச் சோதனை, என் அபிப்பிராயத்தில், மருத்துவ சாஸ்திரம் மிகக் குறைந்த செலவில் அடைந்த பெரும் லாபங்களுள் ஒன்று.

அப்படியானால் நம் நாளங்களுக்குள் ரத்தம் ஏன் படிவதில்லை? இதையும் ஃபாரேயஸே ஆராய்ந்தார். ரத்தம் ஓயாது ஓடுகிறது என்பது பாதி விடை மட்டுமே. சிவப்பணு வளைந்து கொடுக்கும் ஸ்வபாவம் உடையது; சுவரை ஒட்டிய பகுதியில் ஓட்டம் மந்தமாகவும் நடுவில் விரைவாகவும் இருப்பதால், வளைந்து கொடுக்கும் பொருள் சுவரிலிருந்து நடுப்பகுதிக்குத் தள்ளப்படுகிறது. ஆகவே சிறு நாளங்களில் சுவரோரம் அணுக்களற்ற ஒரு மெல்லிய நீர்ப்படலமே ஓடுகிறது. சுவரைத் தொடாதது சுவரில் தங்குவது எங்ஙனம்? மனிதன் தன் கைகளால் செய்யும் நுண்ணிய குழாய்களில் அரும்பாடுபட்டுச் சாதிக்க முயலும் காரியத்தை, இருதயமும் நாளங்களும் நாம் அறியாமலேயே நடத்தி வருகின்றன.

இனி அந்த நுண்ணிய குழாய்களுக்கு வருவோம். கண்ணாடியிலோ, சிலிக்கோன் ரப்பர் போன்ற ஒளிபுகும் பொருளிலோ, ஐம்பது நூறு மைக்ரான் ஆழமுள்ள வாய்க்கால்களை வெட்டி, அவற்றின் வழியே ரத்தத்தையோ வேறு உயிரணுக்கள் கலந்த திரவத்தையோ செலுத்தி, அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணவும், தரம் பிரிக்கவும், துளிகளுக்குள் அடைக்கவும் பயன்படும் சாதனங்களை நுண்பாய்மச் சாதனங்கள் என்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சில்லு, ஒரு பரிசோதனைக் கூடத்தின் காரியத்தைச் செய்யும் என்பதே இத்துறையின் லட்சியம். நம் நாட்டில் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுமன் சக்கரவர்த்தியும், 1959-இல் தொடங்கப்பெற்ற சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆசிஷ் குமார் சென்னும் தத்தம் மாணாக்கர்களோடு இத்துறையில் உழைத்து வருகிறார்கள்.

பத்து மைக்ரான் விட்டமுள்ள ஓர் உயிரணு உப்புநீரில் வினாடிக்குச் சுமார் மூன்று மைக்ரான் இறங்குகிறது. இதைக் கேட்பவர்கள், இவ்வளவு மந்தமான அசைவை ஏன் பொருட்படுத்த வேண்டும் என்று எண்ணக்கூடும். ஆனால் வாய்க்காலின் ஆழமே ஐம்பது மைக்ரான் என்றால், கூரையை ஒட்டிப் புறப்பட்ட அணுவும் இருபது வினாடிக்குள் தரையைத் தொட்டுவிடுகிறது. வேகம் சிறியது, கடக்கவேண்டிய தூரமோ அதைவிடச் சிறியது. இன்னொரு சங்கடமும் உண்டு. வெள்ளம் பெருகிய ஆற்றில் சுழிகளும் கொந்தளிப்பும் அடியில் கிடக்கும் மணலையும் கிளப்பி மேலே கொணர்கின்றன. தலைமயிர்ப் பருமனுள்ள வாய்க்காலிலோ திரவத்தின் ஒட்டுந்தன்மையே மேலோங்கி நிற்பதால் சுழி என்பதே பிறப்பதில்லை. அங்கே நீர் அடுக்கடுக்காக, ஓர் அடுக்கு மற்றதைக் கலக்காமல் ஓடுகிறது. ஒருமுறை அடியில் இறங்கியதை எடுத்து உயர்த்த அங்கே ஒருவரும் இல்லை. இறங்கிய அணு சில நிமிஷங்களில் தரையோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும், அதன்மேல் மற்றொன்று வந்து தங்கும், வாய்க்கால் அடைபடும்.

அடைபட்டால்கூட ஒருவகையில் நல்லதே. சாதனம் கெட்டது என்று உடனே தெரிந்துவிடும். அடைபடாமல், வழியில் பாதி அணுக்கள் தங்கிவிட, மீதியை மட்டும் எண்ணி, எவ்விதத் தயக்கமுமின்றிச் சாதனம் ஒரு தொகையைக் காட்டிவிடுமே, அதுதான் அபாயம். ஒரு தாயின் சிவப்பணுக்கள் குறைவு என்றோ போதும் என்றோ அத்தொகையைக் கொண்டு முடிவு செய்யப்படும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகை உடையவர்கள் என்று 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறியிருக்கும்போது, எண்ணும் சாதனத்தின் நேர்மை அற்ப விஷயமாகாது.

இத்துறையில் புதிதாக நுழைபவர்கள் தங்கள் கவனத்தையெல்லாம் சில்லின்மீதே செலுத்துகிறார்கள். படிதலோ பெரும்பாலும் சில்லுக்கு வருமுன்பே, சிரிஞ்சிலும் அதிலிருந்து வரும் குழாயிலும் நடந்து முடிந்துவிடுகிறது. சிரிஞ்சைப் படுக்கவைத்து மெல்லத் தள்ளும் யந்திரத்தில், ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சின் உள்விட்டம் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அரைமணி நேரத்தில் அணுக்கள் அனைத்தும் அதன் அடிச்சுவரில் படுத்துவிடுகின்றன. வெளியேறும் வாயோ நடுவில் இருக்கிறது. ஆகையால் முதலில் தெளிந்த திரவமே வரும். கடைசியில் உள்தண்டு அடியில் கிடப்பதை வழித்துக்கொண்டு வரும்போது அணுக்கள் திரளாக வந்து விழும். ஒரே ரத்தம், ஒரே சாதனம். முற்பகுதியில் ஒரு தொகை, பிற்பகுதியில் வேறொரு தொகை. சிரிஞ்சை வாய் கீழாக நிறுத்தினால் கூம்பின் முனையில் அணுக்கள் குவிந்து அடைக்கும். வாய் மேலாக நிறுத்தினால் வாயை விட்டு விலகி அவை கீழே போய்விடும்.

குழாயின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. அரை மில்லிமீட்டர் உள்விட்டமும் முப்பது சென்டிமீட்டர் நீளமும் உள்ள சாதாரணக் குழாய் ஒன்றில், நிமிஷத்துக்கு ஐந்து மைக்ரோலிட்டர் வீதம் திரவம் செல்வதாகக் கொள்வோம். அக்குழாயைக் கடக்கத் திரவத்துக்குச் சுமார் பன்னிரண்டு நிமிஷம் ஆகிறது. அணு அதன் அடியை அடையவோ மூன்று நிமிஷமே போதும். அதாவது, சில்லை எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும், அணுக்களில் பெரும்பாலானவை அதன் வாசலை மிதித்திருக்க மாட்டா. இப்போது உள்விட்டத்தைப் பத்தில் ஒரு மில்லிமீட்டராகவும், நீளத்தைப் பத்து சென்டிமீட்டராகவும் குறைப்போம். அணு இறங்கவேண்டிய ஆழம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டபடியால் நிலைமை மோசமாகும் என்று முதலில் தோன்றும். ஆனால் அதே அளவு திரவம் குறுகிய வழியில் போகவேண்டியிருப்பதால் ஓட்டத்தின் வேகம் இருபத்தைந்து மடங்காகிவிடுகிறது; குழாயைக் கடக்க ஒன்பது பத்து வினாடியும், அடியில் இறங்க முப்பது வினாடிக்கு மேலும் ஆகின்றன. அணுக்களில் மிகப் பெரும்பாலானவை தப்பித்துவிடுகின்றன. ஆழம் குறைவதால் வரும் நஷ்டத்தைக் காட்டிலும் வேகம் மிகுவதால் வரும் லாபம் பெரிது என்ற இந்தச் சிறு கணக்கை, ஒரு தாளில் ஐந்து நிமிஷத்தில் போட்டுவிடலாம். போடாமல் விட்டவர்கள் மாதக்கணக்கில் சில்லைத் திருத்திக்கொண்டு இருப்பார்கள். குறுக்குவதற்கும் எல்லை உண்டு. விட்டம் ஐந்தில் ஒன்றானால், அதே நீளமுள்ள குழாயில் அதே ஓட்டத்தைச் செலுத்தத் தேவையான அழுத்தம் 625 மடங்காகும். சுவரோரம் அணுக்களை இழுக்கும் விசையும் மிகும். நாம் எடுத்துக்கொண்ட உதாரணத்தில் அவ்விசை நம் தமனிகளில் உள்ள அளவையே ஒத்திருப்பதால் அணுக்களுக்குத் தீங்கில்லை. இன்னும் குறுக்கினால் அணுக்கள் சிதையக்கூடும்.

சில்லுக்குள்ளும் இதே விதி. அகலமான வாய்க்கிணறு, திடீரென்று விரியும் அறை, கூர்மூலை ஆகியவற்றில் ஓட்டம் தளர்கிறது; தளர்ந்த இடத்தில், மலையிறங்கிய ஆறு மணலைப் போடுவதுபோலவே, அணுக்கள் தங்குகின்றன. ஆகவே விவேகமுள்ள அமைப்பாளர், வாய்க்காலை மெல்ல மெல்ல விரித்தும் சுருக்கியும், மூலைகளை வளைத்தும், பக்கக் கிளைகளைத் தவிர்த்தும் அமைக்கிறார். படுக்கையான வாய்க்காலில் அணு தரையை நோக்கியே இறங்கும். நிமிர்த்திவைத்து மேலிருந்து கீழாகத் திரவத்தைச் செலுத்தினால், இறங்குவதும் ஓட்டமும் ஒரே திசையில் அமைந்துவிடுவதால், புவியீர்ப்பு அணுவைச் சுவருக்குத் தள்ளாமல் வெளிவாயிலுக்கே கொண்டுசேர்க்கும். இவ்வளவு எளிய உபாயம் வெகுகாலம் பலருக்குத் தோன்றாததற்கு, நுண்ணோக்கியின் மேடை படுக்கையாக இருப்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

திரவத்தையே மாற்றுவது மற்றொரு மார்க்கம். திரவத்தின் அடர்த்தியை அணுவின் அடர்த்திக்குச் சமமாக்கிவிட்டால், ஸ்டோக்ஸின் கணக்கில் வேற்றுமை பூஜ்யமாகிறது. அணு இறங்கவும் மாட்டாது, ஏறவும் மாட்டாது. சர்க்கரையைக் கரைத்து அடர்த்தியை ஏற்றினால் அணுவுக்குள்ளிருக்கும் நீர் வெளியேறி அது சுருங்கிப்போகும்; ஆதலின் எக்ஸ்ரே படம் எடுக்கும்போது நோயாளிக்குச் செலுத்தப்படும் அயோடிக்ஸனால் என்ற மருந்துப் பொருள் இங்கே கைகொடுக்கிறது. அது அணுவைச் சுருக்காமலே திரவத்தைக் கனமாக்கவல்லது. 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இரு குழுவினர், ஆயிரக்கணக்கான உயிரணுக்களைத் தனித்தனி எண்ணெய்சூழ் துளிகளில் அடைத்து, ஒவ்வொன்றிலும் எந்தெந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று வாசிக்கும் இரண்டு முறைகளை ஒரே சமயத்தில் வெளியிட்டார்கள். இன்றைய உயிரியலையே மாற்றியமைத்த அம்முறைகளுள் ஒன்று, அணுக்கள் இறங்காதிருக்க அயோடிக்ஸனாலைக் கலந்தது. மற்றொன்று, அணுக்களைவிடப் பெரிய சிறுமணிகளைச் சிரிஞ்சுக்குள் காந்தத்தால் சுழலும் ஒரு துண்டைக் கொண்டு ஓயாமல் கலக்கிக்கொண்டே இருந்தது. பெரும் கண்டுபிடிப்புகளின் செய்முறைக் குறிப்புகளில் இத்தகைய சிற்றுபாயங்கள் ஒரு வரியில் மறைந்து கிடக்கின்றன. அந்த வரியை விட்டுவிட்டால் எதுவும் நடவாது. கலக்கும் பழக்கமும் புதிதன்று. வாலஸ் கோல்ட்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற அணு எண்ணும் யந்திரத்தின் வழிவந்த கருவிகள் சிலவற்றிலும் மாதிரிக் குவளையைக் கலக்கிக்கொண்டிருக்கும் துடுப்பு உண்டு; நம் ஊர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஊதா மூடியிட்ட ரத்தக் குழாயை எண்ணுமுன் மெதுவாகத் தலைகீழாக்கி நிமிர்த்தும் ஊழியரும் அதே தர்மத்தையே நிறைவேற்றுகிறார். குலுக்கக் கூடாது, புரட்டவேண்டும். குலுக்கினால் அணுக்கள் உடையும்.

கலக்குவதும் கூடாது, திரவத்தை மாற்றுவதும் கூடாது என்ற நிலையில், பாத்திரத்தையே சுழற்றலாம். அமெரிக்காவின் நாசா நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், படுக்கையான அச்சில் மெல்லச் சுழலும் உருளைப் பாத்திரத்தில் உயிரணுக்களை வளர்க்கும் முறையை வகுத்தார்கள். அணு ஒரு பக்கம் இறங்கத் தொடங்குமுன் அந்தப் பக்கமே மேலாகிவிடுவதால், அது எப்போதும் விழுந்துகொண்டே இருந்தும் எங்கும் போய்ச் சேராமல், நாட்கணக்கில் திரவத்தின் நடுவிலேயே நின்றுவிடுகிறது.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது ஒலியின் உபாயமே. செவிக்குக் கேளாத, வினாடிக்கு இருபது லட்சம் முறை அதிரும் ஒலியை, முந்நூற்றெழுபது மைக்ரான் அகலமுள்ள வாய்க்காலின் சுவர்களுக்கிடையே எழுப்பினால், நீரில் அவ்வொலியின் அரை அலைநீளம் அந்த அகலத்துக்கு ஏறக்குறைய ஒத்துவிடுவதால் அலை ஓடாமல் நின்ற நிலையில் அதிர்கிறது. அழுத்தம் மாறாத நடுக்கோட்டை நோக்கி உயிரணுக்கள் தள்ளப்பட்டு, அங்கேயே வரிசையாக ஓடுகின்றன. இதே அலையை மேலும் கீழுமாக அமைத்தால் அணுக்கள் தரைக்கும் கூரைக்கும் நடுவே அந்தரத்தில் நிறுத்தப்படும். எதையும் கலக்கவில்லை, எதையும் தொடவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆசிஷ் குமார் சென் குழுவினர் ஒலியலைகளைக் கொண்டு நுண்வாய்க்கால்களில் திரவங்களையும் அணுக்களையும் இடம்பெயர்க்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருப்பது, தமிழ்நாட்டில் இத்துறை வேரூன்றிவிட்டது என்பதற்கு நல்ல அடையாளம்.

மிகச் சிறிய துகள்களுக்கு இந்த உபாயங்கள் எதுவுமே வேண்டாம். ஒரு மைக்ரானும் அதற்குக் குறைவுமான பொருள்களை நீர் மூலக்கூறுகளே ஓயாது மோதி அலைக்கழிப்பதால் அவை முழுவதும் படிவதில்லை. பிரெஞ்சு விஞ்ஞானி ழான் பெரன், மரப்பிசினின் நுண்மணிகள் நீரில் அடியிலிருந்து மேல்நோக்கி எவ்வாறு அடர்த்தி குறைந்து நிற்கின்றன என்பதை நுண்ணோக்கியில் எண்ணி, பருப்பொருளுக்கு மூலமான அணுக்கள் (உயிரணுக்கள் அல்ல) உண்மையிலேயே இருக்கின்றன என்பதை நிலைநாட்டி, 1926-இல் நோபல் பரிசு பெற்றார்.

படிதலைப் பகையாகவே கருதுவதும் பிழை. மீரட்டில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றும் மனு பிரகாஷ், நூலில் கோத்த காகிதத் தட்டைக் கையால் இழுத்துச் சுழற்றி, மின்சாரமின்றி இரண்டு நிமிஷத்துக்குள் ரத்தத்திலிருந்து ரத்தநீரைப் பிரித்துக் காட்டினார். 2017-இல் வெளியான அந்தச் சாதனம் படிதலைத் துரிதப்படுத்தியே வேலை செய்கிறது. மலேரியாக் கிருமியைத் தேடுபவருக்குப் படிவது உதவி; சிவப்பணுவை எண்ணுபவருக்குப் படியாதிருப்பது உதவி.

ஜவ்வாது மலையின்மேல் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்து ரத்தத்தை வளைந்து வளைந்து இறங்கும் சாலை வழியே கீழே கொணர்வதைக் காட்டிலும், எண்ணும் சாதனத்தை மேலே கொண்டுபோவது சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. உள்ளங்கைச் சில்லுகள் அதற்காகவே பிறந்தவை. அவற்றை அமைப்போரும் வாங்குவோரும் ஒரு சோதனையை மட்டும் கட்டாயமாக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தொகை தெரிந்த அணுக்கள் கலந்த திரவத்தைச் சாதனத்தில் இட்டு, முதல் நிமிஷத்தில் எத்தனை எண்ணிற்று, பத்தாம் நிமிஷத்தில் எத்தனை, முப்பதாம் நிமிஷத்தில் எத்தனை என்று தனித்தனியே எழுதிப் பார்க்கட்டும். மூன்றும் ஒத்துவந்தால் சாதனத்தை ஏற்கலாம். முதலில் மிகுந்து பின்னர் குறைந்தால் அணுக்கள் சிரிஞ்சிலோ குழாயிலோ தங்குகின்றன. முதலில் குறைந்து பின்னர் திடீரென மிகுந்தால் தங்கியவை பெயர்ந்து வருகின்றன. சாதனத்தைப் படுக்கவைத்து ஒருமுறையும், மேடும் பள்ளமுமான மலைக் குடிசையின் மேசைமேல் நேரக்கூடியவாறு சாய்த்துவைத்து மறுமுறையும் இதைச் செய்யவேண்டும். அத்தொகைகளைச் சாதனத்தோடு வரும் தாளில் தமிழில் அச்சிட்டும் கொடுக்கவேண்டும்.